ஒரே வீடு, நான்கு விலாசம்!

(கொள்ளேகால் நிருபர்)

கொள்ளேகால் எந்த ஜில்லா? எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு மூன்று பதில் கிடைக்கும்.

அப்பத்தாவைக் கேட்டால், "இதென்ன கேள்வி சாமி, கோயமுத்தூர் ஜில்லாதான்" என்பார். அப்பாவைக் கேட்டால் "மைசூர் ஜில்லா" என்பார். நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகளைக் கேட்டால் "சாமராஜநகர்" என்று ஒரே மூச்சில் சொல்லி, "இதுகூட தெரியாதா?" என்பது போல நம்மைப் பார்ப்பாள்.

மூவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள். மூவர் சொல்வதும் உண்மை!

எப்படி என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. என்னுடைய ஒரு சிறிய பொழுதுபோக்கைப் பற்றியும், அதனால் நான் செய்த ஒரு தவறைப் பற்றியும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ரெயில் இல்லாத ஊரின் ரெயில்வே குமாஸ்தா

நான் ரெயில்வேயில் குமாஸ்தா. ஆனால் குடியிருப்பதோ ரெயிலே வராத ஊரில்! தினமும் காலையில் பஸ் பிடித்து, எளந்தூர், சந்தேமரஹள்ளி வழியாக சாமராஜநகர் போனால்தான் தண்டவாளத்தைக் கண்ணால் பார்க்கலாம். பெங்களூர் பக்கத்தில் உள்ள ஹெஜ்ஜாலாவில் இருந்து கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால் வழியாக சாமராஜநகருக்கு ஒரு பாதை போட 1990-களில் அனுமதி ஆயிற்று. எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வந்தது, ரெயில் வரவில்லை.

போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம் பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு ஏதாவது பொழுதுபோக்கு வேண்டாமா? சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். சிலர் நாணயம் சேர்ப்பார்கள். நான் சேர்ப்பது விலாசம்!

இது ஆரம்பித்த கதை இதுதான். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வீட்டு ஓட்டைப் பிரித்து மாற்றினோம். அப்போது பரண் மூலையில் துருப்பிடித்த கம்பி ஒன்று கிடைத்தது. மேல் நுனி கொக்கி போல வளைந்திருக்கும். அடியில் ஒரு மரக்கட்டை. வாசகர்களில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இது நினைவிருக்கும். அந்தக் காலத்தில் வரும் கடிதங்களைப் படித்து முடித்ததும் இந்தக் கம்பியில் குத்தித் தொங்கவிடுவார்கள். வரி ரசீது, மளிகைக் கடைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் அந்தக் கம்பிதான் பீரோ.

எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) அந்தியூரில் இருந்து மலையேறி வந்து இங்கே பட்டுத் தொழிலில் உட்கார்ந்தவர். அவருக்கு வந்த கடிதங்கள்தான் அவ்வளவும். மொத்தம் 214. அடியில் இருந்தது 1951-ல் வந்தது. உச்சியில் இருந்தது 1998-ல் வந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஓட்டை.

"இந்தக் குப்பையைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடுங்கள்" என்றாள் என் மனைவி. நானும் போடத்தான் எடுத்தேன். ஒன்றை மட்டும் பிரித்துப் பார்ப்போமே என்று பார்த்தேன். பிறகு அடுத்ததையும் பார்த்தேன். அன்று சாயங்காலம் வரை நான் எழுந்திருக்கவில்லை.

உட்கார்ந்த இடத்தில் ராஜ்யம் மாறியது

கடிதங்களைத் தேதிப்படி அடுக்கிவிட்டு, விலாசங்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். அதிலேயே எங்கள் ஊரின் சரித்திரம் அடங்கியிருந்தது!

1956 வரை வந்த கடிதங்களில் "கொள்ளேகால், கோயமுத்தூர் ஜில்லா" என்று இருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவற்றில் "மைசூர் ஜில்லா, மைசூர் ராஜ்யம்". 1973-க்குப் பிறகு "மைசூர் ஜில்லா, கர்நாடகா". கடைசியாக வந்த ஒன்றிரண்டில் "சாமராஜநகர் ஜில்லா". வீடு அதே வீடு. திண்ணை அதே திண்ணை. விலாசம் மட்டும் நான்கு!

இதன் பின்னணியை இளைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, கோயமுத்தூர்ச் சீமை ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போனது. மலைக்கு மேலே, மைசூர்ப் பீடபூமியில் இருக்கும் கொள்ளேகாலும் அதோடு சேர்ந்து போயிற்று. அன்று முதல் சுமார் 157 ஆண்டுகள் நாங்கள் கோயமுத்தூர் ஜில்லாவின் ஒரு தாலுகா. அக்கம்பக்கத்து எளந்தூரும் சாமராஜநகரும் மைசூர் மகாராஜாவின் நாடு. திம்பம் மலைப் பாதை வழியாகக் கோயமுத்தூர் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறவர், நடுவில் மகாராஜாவின் நாட்டைத் தாண்டித்தான் தன் சொந்த ஜில்லாவுக்குள் நுழைய வேண்டும்! இல்லாவிட்டால் பர்கூர் மலை இறங்கி அந்தியூர், பவானி வழியாகச் சுற்றிப் போக வேண்டும்.

மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்தபோது, 1956-ம் வருடச் சட்டத்தின்படி கொள்ளேகால் தாலுகா மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்தது. இங்கே கன்னடம் பேசுகிறவர்களே அதிகம் என்பதால் அது முறையான ஏற்பாடுதான். அன்று 1956 நவம்பர் 1-ந்தேதி, வியாழக்கிழமை. 1973-ல் அதே நவம்பர் 1-ந்தேதி மைசூர் ராஜ்யத்தின் பெயர் கர்நாடகம் என்று மாறியது. 1997-ல் மைசூர் ஜில்லாவைப் பிரித்து சாமராஜநகர் ஜில்லா அமைத்தார்கள்.

இடையில் 1972 ஆகஸ்டு 15-ந்தேதி பின்கோடு வந்தது. எங்கள் ஊருக்கு 571440. "பெயர் எத்தனை மாறினாலும் இந்த நம்பர் மாறாது, அதை எழுதினால் போதும்" என்று 1974-ல் ஒரு கடிதத்தில் யாரோ புத்திமதி சொல்லியிருக்கிறார்கள்.

அப்பத்தாவின் தீபாவளி

கம்பியில் இருந்து கழற்றிய கடிதங்களை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டத் தொடங்கினேன். அவருக்கு வயது 88-க்கு மேல் ஆகிறது. கண் மங்கிவிட்டது, காது கூர்மை. நான் ஒரு சொல்லை விட்டுப் படித்தாலும், "நடுவுல என்னமோ முழுங்கிட்டியே கண்ணு" என்பார்.

1956-ம் வருடக் கடிதங்கள் வந்தபோது அவரைக் கேட்டேன்: "ராஜ்யம் மாறின அன்னிக்கு ஊர்ல என்ன நடந்துச்சு அப்பத்தா?"

அவர் சிரித்தார். "அது தீபாவளி வாரம். கோயமுத்தூர் ஜில்லாவுல பட்டாசு வாங்கினோம், மைசூர் ராஜ்யத்துல கொளுத்தினோம். அவ்வளவுதான்!"

மறுநாள் சந்தையில் எதுவும் மாறவில்லையாம். அதே கீரைக்காரி, அதே விலை. கன்னடத்தில் விலை கேட்டுத் தமிழில் பேரம் பேசுவது முன்பும் உண்டு, பின்பும் உண்டு. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாக மாறியது. 1957 ஏப்ரல் 1-ந்தேதி அணா போய் நயா பைசா வந்தது. 16 அணா ஒரு ரூபாய் என்று விரல் விட்டு எண்ணியவர்கள் 100 பைசா என்று எண்ணப் பழக வேண்டியதாயிற்று. 1958 முதல் படிப்படியாக வீசையும் சேரும் போய் கிலோ வந்தது. ராஜ்யம், காசு, எடை மூன்றும் ஏழெட்டு ஆண்டுகளுக்குள் மாறிவிட்டன!

"அப்ப உங்களுக்குக் குழப்பமா இல்லையா?" என்று கேட்டேன்.

"குழப்பமில்லாம என்ன? ஆனா புழுவுக்கு என்ன தெரியும்? அது எந்த ராஜ்யமா இருந்தாலும் நேரத்துக்கு இலை கேட்கும்" என்றார்.

பட்டுப்புழு வளர்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். கடைசிப் பருவத்தில் புழு இரவு பகல் பார்க்காமல் முசுக்கொட்டை இலை தின்னும். கூடு கட்டும் பருவம் வந்ததும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சந்திரிகையில் விட வேண்டும். பழைய சென்னை மாகாணத்தில் பட்டுப்புழு வளர்ப்பு என்றாலே கொள்ளேகால் தாலுகாதான். ராஜ்யம் மாறியும் தொழில் மாறவில்லை. இன்றும் கொள்ளேகால் பட்டுச் சேலைக்குப் பெயர் இருக்கிறது.

கம்பியில் இருந்த கடிதங்களில் பதினேழு, தங்கவயல் சாம்பியன் ரீஃப் பகுதியில் இருந்து வந்தவை. அப்பத்தாவின் தம்பி அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "உங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீரில் பிறந்த கரண்டில்தான் எங்கள் கூண்டு சுரங்கத்துக்குள் இறங்குகிறது. ஆகையால் நான் உங்கள் கையில்தான் இருக்கிறேன்" என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறார். கொள்ளேகாலை ஒட்டிய சிவசமுத்திரத்தில் காவிரியில் மின்சாரம் எடுத்து, சுமார் 148 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த தங்கவயலுக்கு 1902-ல் கம்பி வழியாக அனுப்பினார்கள். பெங்களூர் நகரத்தில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பிறகு 1905-ல்தான். அந்தத் தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. கடிதம் எழுதியவரும் இல்லை. அவர் எழுதிய கார்டு மட்டும் இருக்கிறது.

ஆக, என் பொழுதுபோக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஊரில் சிலருக்கு இது தெரிந்தும் போயிற்று. அங்கேதான் வந்தது வினை!

"எரு சென்ட்"

எங்கள் பின் தெருவில் ஒரு அத்தை. சொந்தமில்லை, பழக்கத்தால் அத்தை. அவருடைய மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஒருநாள் லீவில் வந்தவன் ஒரு பழைய பத்திரத்தோடு என்னிடம் வந்தான்.

"அண்ணா, நீங்கள் பழைய தமிழ் எழுத்து படிப்பீர்களாமே. இது எங்கள் அம்மாயிக்கு அவங்க அப்பா எழுதிக் கொடுத்த மஞ்சக்காணிப் பத்திரம். இதில் 'எரு சென்ட்' என்று போட்டிருக்கிறது. எரு போட்ட நிலம் என்று அர்த்தமா?"

வாங்கிப் பார்த்தேன். "சர்வதாரி ௵ தை ௴" என்று இருந்தது. அதாவது 1949 ஜனவரி. மகளுக்குக் கல்யாணத்தின்போது மஞ்சள் குங்குமத்துக்காகக் கொடுத்த நிலம். அளவு "௭௫ சென்ட்".

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எருவும் இல்லை, உரமும் இல்லை. தமிழ் எண்! ௧ என்றால் ஒன்று, ௨ என்றால் இரண்டு. பார்ப்பதற்கு ௭ என்பது "எ" போல இருக்கும். ௫ என்பது "ரு" போல இருக்கும். தெரியாதவர் படித்தால் "எரு" என்றுதான் வரும். "இது எழுபத்தைந்து தம்பி. எழுபத்தைந்து சென்ட்" என்று பெருமையாகச் சொன்னேன்.

அவன் முகம் மாறியதை நான் கவனிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

அந்த நிலத்தை அடுத்த நிலம் அத்தையின் தாய்மாமனுடையது. எண்பது வயது தாண்டிய பெரியவர். அத்தையின் நிலத்தையும் அவரே பார்த்து, வருடா வருடம் குத்தகை கொடுத்து வந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மளவள்ளிப் பக்கத்தில் இருந்து ஒரு அளவைக்காரரை அழைத்து வந்து அந்த நிலத்தை அளந்திருக்கிறார்கள். அவர் ஒரு துண்டுச் சீட்டில் "30" என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

பத்திரத்தில் 75. சீட்டில் 30. மீதி 45 எங்கே?

"மாமா வேலிக்குள் இழுத்துக்கொண்டார்" என்று பையன் முடிவு கட்டிவிட்டான். பெரியவர் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டான். "எனக்குத் தமிழ்ப் பத்திரம் படிக்கத் தெரியாது, ஆனா எங்க அக்கா நிலத்துல ஒரு முழம் நான் எடுத்ததில்லை" என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. வக்கீலுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று.

அந்த வருடம் அத்தையின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. தாய் வீட்டு மூத்தவராக முன்னால் நின்று மாலை எடுத்துக் கொடுக்க வேண்டிய பெரியவருக்குப் பத்திரிகை போகவில்லை. அவரும் வரவில்லை. பந்தலில் அத்தை அடிக்கடி வாசலைப் பார்த்ததை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. பத்திரத்தைப் படித்துச் சொன்னவன் நான்தானே!

கம்பி சொன்ன கணக்கு

கல்யாணம் முடிந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. அப்பத்தாவுக்கு 1959-ம் வருடக் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தியூரில் இருந்த அப்பாருவின் அண்ணன் எழுதியது ஒன்று வந்தது. அப்பாரு அப்போது எளந்தூர்ப் பக்கம் ஒரு சிறு முசுக்கொட்டைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்.

"நாற்பது சென்ட் என்று பேசிவிட்டு, எழுதும்போது பதினாறு என்று எழுதினால் எப்படி? உன்னை யாரோ ஏமாற்றுகிறார்கள். கையெழுத்துப் போடாதே" என்று அண்ணன் பதறியிருக்கிறார்.

எனக்குப் பொறி தட்டியது. அவசரமாக அடுத்த கடிதத்தைப் பிரித்தேன். இரண்டு வாரம் கழித்து வந்தது. "விவரம் தெரிந்துகொண்டேன். அங்கே குண்டே கணக்கு என்பது எனக்குத் தெரியாது. நிலம் சுருங்கவில்லை, சந்தோஷம். கையெழுத்துப் போடு."

கோயமுத்தூர்ப் பக்கம் நிலத்தைச் சென்ட்டில் சொல்வார்கள். 100 சென்ட் ஒரு ஏக்கர். பழைய மைசூர்ப் பக்கம் குண்டேயில் சொல்வார்கள். 40 குண்டே ஒரு ஏக்கர். அதாவது இரண்டரை சென்ட் ஒரு குண்டே. 40 சென்ட் என்றால் 16 குண்டே.

அப்படியானால் 75 சென்ட்?

பென்சில் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சரியாக 30 குண்டே!

காணாமல் போன 45 என்று ஒன்று கிடையவே கிடையாது. அளவைக்காரர் "30" என்று எழுதியது குண்டே. பத்திரத்தில் இருந்தது சென்ட். இல்லாத நிலத்துக்காக எட்டு மாதம் இரண்டு வீடு சண்டை போட்டிருக்கிறது!

நான் அன்று எண்ணைத்தான் படித்தேன், கணக்கைப் படிக்கவில்லை. அந்தத் துண்டுச் சீட்டையும் கொண்டு வா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. வாயில் வந்ததை அரைகுறையாகச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டதுதான் நான் செய்த தவறு.

இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு ஓடினேன். பையனுக்குப் போன் போட்டு விளக்கினேன். அவன் நம்பவில்லை. "உங்கள் கம்பெனியில் யாராவது மண்டியா, மைசூர்ப் பக்கத்து ஆள் இருந்தால் குண்டே என்றால் என்ன என்று கேள்" என்றேன். அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டான். குரல் கம்மியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையும் மகனும் வெற்றிலை பாக்கு, பழத்தோடு பெரியவர் வீட்டுக்குப் போனார்கள். என்னையும் கூட வரச் சொன்னார்கள். பையன் காலில் விழுந்தான். பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த நாற்பத்தஞ்சு எங்கேன்னு நானும் எட்டு மாசமாத் தேடுறேன் சாமி" என்றார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் சிரித்தோம். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணப் போட்டோ ஆல்பத்தைக் கொண்டுபோயிருந்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, "இதுதான் மாமா மாப்பிள்ளை, இதுதான் மாமா சம்பந்தி வீடு" என்று காட்டினார். வக்கீலுக்குக் கொடுத்த பணம் திரும்ப வரவில்லை. நடந்து முடிந்த கல்யாணமும் திரும்ப வராது.

மகளின் முதல் கார்டு

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எனக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. என் மகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள். இந்த மண்ணில் பிழைப்பவர்கள் இந்த மண்ணின் மொழியைப் படிக்கத்தான் வேண்டும். நானே கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்ததால்தான் கவுண்டரில் உட்கார முடிகிறது. ஆனால் நாளைக்கு என் கடிதம் ஒன்று அவள் கையில் கிடைத்தால், அதுவும் "எரு" ஆகிவிடக் கூடாதே!

பஸ் ஸ்டாண்டு கடையில் அரிச்சுவடி கேட்டேன், கிடைக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்து, அப்பாருவின் கம்பியையே அரிச்சுவடி ஆக்கிக்கொண்டேன். எல்லாக் கடிதமும் ஒரே மாதிரிதானே தொடங்குகிறது. "நலம். நலமறிய ஆவல்." இந்த மூன்று சொற்களை 214 முறை பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் எழுத்து வந்துவிடும்!

ஒருநாள், "அப்பா, இந்த லை-க்கு ஏன் யானைத் தும்பிக்கை வைத்திருக்கிறது?" என்று கேட்டாள். பழைய எழுத்து அது. 1978-ல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வருவதற்கு முன்பு லை, ளை, னை, ணை ஆகியவற்றுக்கு முன்னால் தும்பிக்கை போலச் சுழித்து எழுதுவார்கள். அந்தியூர்ப் பெரியப்பாரு அதற்குப் பிறகும் கடைசி வரை தும்பிக்கையை விடவில்லை.

இந்தப் பொங்கலுக்கு அவள் அந்தியூரில் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்குச் சொந்தக் கையால் ஒரு தபால் கார்டு எழுதினாள். நான்கு வரி. இரண்டு பிழை. நான் திருத்தவில்லை. பத்தாம் நாள் பதில் வந்தது. எழுபது வயதுக்காரர் கடிதம் எழுதி எத்தனை வருடம் ஆயிற்றோ, கை நடுங்கியிருந்தது. விலாசத்தில் பழைய ஞாபகத்தில் "மைசூர் ஜில்லா" என்று எழுதியிருந்தார். பின்கோடு இருந்ததால் வந்து சேர்ந்துவிட்டது!

நீங்களும் செய்யலாம்

பெங்களூர், தங்கவயல், மைசூர், பத்ராவதி என்று பிழைப்புக்கு வந்த நம்மவர் வீடுகளில் ஒரு டிரங்குப் பெட்டி கட்டாயம் இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். பெரிய செலவு இல்லை. ஒரு நீள நோட்டும் ஒரு பென்சிலும் போதும். ஆறு ஆண்டு அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டது இது:

கடிதம் துருப்பிடித்த கம்பியில் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். துரு காகிதத்தைத் தின்றுவிடும். பசை போட்டு ஒட்டாதீர்கள். பழைய பத்திரத்தை லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். கவரைத் தூக்கி எறியாதீர்கள். தபால் முத்திரையில்தான் ஊரும் தேதியும் இருக்கும். உங்கள் குறிப்பைக் கடிதத்தின் மேல் பேனாவால் எழுதாமல், நோட்டில் நம்பர் போட்டு எழுதுங்கள். யார் எழுதியது, நமக்கு என்ன உறவு, எந்த ஊரில் இருந்து என்று மூன்று விவரம் போதும். செல்போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பத்திரமாக இருந்தால், ௵ என்பது வருடம், ௴ என்பது மாதம், ௳ என்பது தேதி, ௹ என்பது ரூபாய், ௸ என்பது மேற்படி. எண்ணைப் படித்ததும் நிறுத்திவிடாமல் சென்ட்டா, குண்டேயா என்றும் பாருங்கள்!

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது. எங்கள் கம்பியில் 11 கடிதங்களில் பெயர் இல்லை. "இப்படிக்கு, உன் அன்புள்ள" என்று மட்டும் இருந்தது. அப்பத்தா ஏழு பேரைக் குரல் கேட்டது போலச் சொல்லிவிட்டார். "இவ்வளவு கோபமா எழுதுறது எங்க நாத்தனார்தான்." மீதி நான்கு இன்னும் நிற்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு என் பெயரே சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. ஆகையால் பஸ் தாமதமானாலும் ஞாயிற்றுக்கிழமைப் படிப்பை மட்டும் நான் தள்ளிப் போடுவதில்லை.

பெரியப்பாவின் கார்டை என்ன செய்வது என்று மகள் கேட்டாள். பழைய கம்பியைத் தேய்த்து, துரு நீக்கி, சுவரில் மாட்டினேன். ஆனால் குத்தவில்லை. ஒரு கிளிப்பில் செருகித் தொங்கவிட்டிருக்கிறோம். நோட்டில் அதற்கு நம்பர் 215.